சுவர்ப் பக்கம்

விக்கிரமங்கலத்திலிருந்து தங்கை சிந்தாமணி போன் செய்தபோது நல்லுசாமி எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று மேடையை விட்டு அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது. அது கிளப்பிய வெள்ளைப் புழுதி இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போ. எங்க மாமியா வாசப்படியில சூடம் கொளுத்தி வைக்கப் போறாங்களாம். நீ அணைச்சுச் சத்தியம் பண்ணணுமாம்."

"எதுக்கு?"

"நீ செஞ்சு குடுத்த வாசக்காலுக்குத்தான். அடிமரம் கீழதான் இருக்குன்னு சத்தியம் பண்ணணுமாம்."

தோட்டத்தில் மரம் எப்படி நின்றதோ அப்படியே நிலைக்காலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, கொப்புப்பக்கம் மேலே. மாற்றி வைத்தால் மரம் தலைகீழாக நின்று அழும், அந்த வீட்டு ஆம்பளை படுத்துவிடுவான் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. சிந்தாமணியின் புருஷன் அண்ணாதுரை பொங்கலிலிருந்து படுத்துத்தான் கிடக்கிறான். மணல் ஏற்றிய டிராக்டர் அவன் மொபெட்டை இடித்துத் தள்ளியதில் இடுப்பெலும்பு விட்டுப் போயிருந்தது. திருச்சியில் வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எழுந்து நடப்பான் என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

"மாறி இருந்தா என்னவாம்?"

"வாசக்கால பேத்துடுவாங்களாம். கொண்டாந்தவளும் அது கூடவே போவட்டுங்கறாங்க. அவரு எழுந்து நடக்கற வரைக்கும் நான் ஒன் வூட்டுல இருக்கணுமாம், கொழந்த பிரவீணாவ இங்க விட்டுட்டு." சற்று நிறுத்தி, "நேராத்தானண்ணே இருக்கு?" என்றாள்.

"வண்டி வந்துடுச்சு. அப்பறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை வைத்தான். வண்டி எதுவும் வரவில்லை.

அந்த நிலையின் வலது காலைப் பற்றி அவனுக்குச் சந்தேகமில்லை, அது நேராகத்தான் நிற்கிறது. இடது காலைப் பற்றித்தான் அவனுக்குத் தெரியாது. அதைச் செய்தவனே அவன்தான், ஆனாலும் தெரியாது.

நல்லுசாமி தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. மீன்சுருட்டியில் அவன் அப்பாவுக்குக் கொஞ்சம் புன்செய் இருந்தது. அவன் பத்தாவது முடித்து அரியலூருக்கு வந்து எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். சுரங்கத்திலிருந்து வரும் லாரியைக் காலியாக ஒரு தடவையும் பாரத்தோடு ஒரு தடவையும் நிறுத்திப் பார்த்துச் சீட்டு எழுதித் தர வேண்டும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சும்மா இருக்கும் நேரம்தான் அந்த வேலையில் அதிகம்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து மழையில் கூண்டுக்குள் இருந்த மேஜையின் இழுப்பறை ஊறித் திறக்க வராமல் போனது. சின்னப்பிள்ளை ஆசாரி வந்து இழுப்பறையை உருவி எடுத்து, அதன் விளிம்பில் இழைப்புளியை வைத்துத் தள்ளினார். மரத்திலிருந்து ஒரு சுருள் உரிந்து எழுந்து, ஆசாரியின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கீழே விழுந்தது. நல்லுசாமி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அந்தப் பக்கம் நின்ற லாரி சுருளின் வழியே மங்கலாகத் தெரிந்தது. வேலை முடிந்து ஆசாரி போன பிறகும் அந்தச் சுருள் அவன் சட்டைப் பையிலேயே கிடந்தது. துவைக்கப் போடும்போது அவன் மனைவி செங்கமலம் எடுத்துப் பார்த்து, "இது என்ன மருந்தா?" என்று கேட்டாள்.

அடுத்த மாதமே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய இரும்புக் கடையில் அவன் ஓர் இழைப்புளி வாங்கினான். கட்டை வெடித்திருந்தது, தகடு துருப்பிடித்திருந்தது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் தகட்டைத் தீட்டக் கொடுத்தான். தீப்பொறி பறக்கத் தீட்டியதில் தகடு சூடேறி நுனியில் நீலம் பாய்ந்துவிட்டது. ஒரு நாள் வெட்டியது, மறுநாள் மழுங்கிப்போனது. நீலம் பாய்ந்த இரும்பில் கூர் நிற்காது என்பது அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. நீலம் போகும் அளவுக்குத் தகட்டைக் கையாலேயே தேய்த்துக் கழித்தான். முதலில் கடப்பைக்கல் துண்டில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பான், பிறகு எண்ணெய்க் கல்லில், கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில். சரியாக வந்துவிட்டதா என்று முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பான். அவன் இடது முன்கை அந்தக் காலத்தில் எப்போதும் மொட்டையாகவே இருக்கும்.

"கல்யாணமான புதுசுல எங்கையக்கூட இப்படித் தடவிப் பாத்ததில்ல" என்றாள் செங்கமலம்.

"நீ துருப் புடிக்கலியே."

"இன்னும் கொஞ்சநா இப்படியே விட்டீங்கன்னா புடிச்சுடும்."

ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. விரல் அகலத்திலிருந்து சுண்டுவிரல் நகத்தின் அகலம் வரைக்கும் உளிகள், உளியை அடிக்கப் புளியங்கட்டையில் அவனே கடைந்துகொண்ட கொட்டாப்புளி, தோள் உயரத்துக்கு ஒரு வாள், மரத்தைச் செதுக்கி ஒழுங்கு செய்யும் வாய்ச்சி. முதலில் செய்தது ஒரு முக்காலி. அதன் மூன்று காலும் மூன்று திசையைப் பார்த்தன. பிறகு சாமிப் பலகை, அரிவாள்மனைக்குக் கட்டை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெஞ்சு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் கரண்டில் ஓடும் இழைப்பு மிஷின்கள் வந்தன. சின்னப்பிள்ளை ஆசாரியே ஒன்று வாங்கிவிட்டார். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். தோள்வலி விட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நல்லுசாமிக்கு அது போட்ட சத்தமே பிடிக்கவில்லை. மிஷின் ஓடும்போது மரம் என்ன சொல்கிறது என்று கேட்காது. கையால் தள்ளும்போது இழை எதிர்த்து நிற்கும் இடம், சின்னக் கணு, ஈரம் ஏறிய பாகம் எல்லாம் உள்ளங்கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒருநாள் ஆசாரி அவன் வீட்டுப் பக்கமாக வந்தவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இதென்ன இழைப்பா, மரத்துக்குச் சவரமா?" என்றார். "மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நேரம் யாரும் மழிக்க மாட்டாங்கப்பா."

"வழவழன்னு வருதுங்களே."

"வரும். வழவழப்புக்கு எங்க முடிவு இருக்கு? நாங்க தச்சனுங்க, போதும்னு நிறுத்தத் தெரியும். ஒனக்கு அதான் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். நல்லுசாமியும் சிரித்தான்.

இரண்டாயிரத்து நாலில் விக்கிரமங்கலத்தில் சிந்தாமணி வீடு கட்டினாள். தாய்வீட்டுச் சீராகத் தலைவாசல் நிலையைத் தானே செய்து தருவதாக நல்லுசாமி சொன்னான். மீன்சுருட்டி வயல் வரப்பில் அவர்கள் சின்ன வயசில் நிழலுக்கு ஒதுங்கிய வேம்பு நின்றது. அப்பா இறந்தபின் நிலத்தைப் பிரித்ததில் அது வெட்டவேண்டிய மரமாகிவிட்டது. ஜெயங்கொண்டத்து மர அறுவை மில்லில் சட்டங்களாக அறுத்தார்கள். மில்காரர் வழக்கப்படி ஒவ்வொரு சட்டத்திலும் வேர்ப்பக்கத்து முனையில் காவி பூசிக் கொடுத்தார். முனையில் பூசினது நீளத்தை அளவுக்கு வெட்டும்போது போய்விடும். ஆகையால் சட்டத்தின் ஒரு பக்கத்திலும் சாண் நீளத்துக்கு ஒரு தீற்று இழுத்திருந்தார்.

"இது சொவத்துக்குள்ள போற பக்கம் தம்பி. இங்க இழைப்புளி படாது. கால் நிக்கற வரைக்கும் அடையாளம் இருக்கும்."

சுவருக்குள் போகும் பக்கத்தை எந்த ஆசாரியும் இழைப்பதில்லை. அங்கே செங்கல்லும் கலவையும் ஒட்ட வேண்டும், சொரசொரவென்று இருந்தால்தான் பிடிக்கும். அதை யாரும் பார்க்கப் போவதுமில்லை. இது நல்லுசாமிக்கும் தெரியும்.

அந்த வாரம் தகடு என்றைக்கும் இல்லாத கூரில் இருந்தது. வேம்பு பாதி காய்ந்து, இழைப்பதற்கென்றே இருக்கும் பதத்தில் இருந்தது. மூன்று பக்கத்தையும் இழைத்து முடித்துவிட்டு, இடது காலைத் திருப்பிப் போட்டபோது நாலாவது பக்கம் மேலே வந்தது. வாள் பல் பட்ட கோடுகளோடு முரடாக இருந்தது. ஒரே ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கலாம் என்று நினைத்தான். சுருள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் வந்தது. பிறகு இன்னொன்று. வேப்ப மரத்தின் செம்மை உள்ளிருந்து வெளியே வர வர அவன் கை நிற்கவில்லை. இரண்டு காலையும் அப்படியே முடித்தான். கீழே குவிந்த சுருள்களில் சில சிவந்திருந்ததைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. காவி அந்தக் குவியலுக்குள் இருந்தது. இரண்டு முனையையும் அதற்கு முன்பே வெட்டியாகிவிட்டது.

அவன் பதறவில்லை. வேர்ப்பக்கம் கனமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். கொட்டகை விட்டத்தில் கயிறு கட்டி, காலின் சரிபாதியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டான். வலது கால் ஆடி அசைந்து ஒரு பக்கமாகத் தாழ்ந்து நின்றது. அதன் கணு சாய்ந்திருந்த வாக்கும் அதையே சொன்னது. இடது கால் தராசு முள் மாதிரி மட்டமாக நின்றது. கயிற்றைக் கொஞ்சம் நகர்த்தினான், திருப்பிக் கட்டினான். மட்டமாகவே நின்றது. அதில் கணுவும் இல்லை. கணு இல்லாத சட்டம் என்று பார்த்துப் பார்த்து அவன்தான் மில்லில் எடுத்திருந்தான்.

சின்னப்பிள்ளை ஆசாரியைக் கூப்பிட்டிருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பாரோ என்னவோ. கூப்பிட்டால், சுவர்ப் பக்கத்தை இழைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதை அரியலூரில் இருக்கும் அத்தனை பட்டறையிலும் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பார். மரத்துக்கு வேரும் கொப்பும் வெட்டியபோதே போய்விட்டது, இனி அதற்கென்ன மேல் கீழ் என்று நல்லுசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இழை ஓட்டத்தைப் பார்த்து ஒரு முனையைக் கீழே என்று வைத்து, மறு முனையில் மேல்சட்டத்தின் துளைக்குள் செருகும் கழுந்தைச் செதுக்கினான்.

வாசக்கால் வைத்த அன்று மஞ்சள் குங்குமம் இட்டு மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டுச் சுமங்கலிகள் பால் ஊற்றினார்கள். தூக்கி நிறுத்தும்போது கொத்தனார் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "காவி எங்க?" என்று கேட்டார்.

"இழைச்சதுல போயிடுச்சு. எனக்குத் தெரியும், இப்படித்தான்" என்றான் நல்லுசாமி.

கொத்தனார் அவனை ஒரு தடவை பார்த்தார். "சொவத்துப் பக்கத்தயுமா இழைச்சீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கலவை ஒட்டுவதற்காக அந்த வழவழப்பின்மேல் கொத்துக் கரண்டியால் கீறிவிட்டார். அந்தக் கீறல் நல்லுசாமிக்கு வலித்தது. அன்றைக்கு அவனுக்கு வலித்தது அது ஒன்றுதான். சிந்தாமணி வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காலும் மேல்சட்டமும் சேரும் இடத்தைக் காட்டினாள். "ஒரு தலமுடி நொழையுமா பாருங்க. எங்கண்ணன் கையால செஞ்சது, மிஷினே படல."

கொத்தனார் பேச்சுவாக்கில் யாரிடமோ சொன்னது, அண்ணாதுரை படுத்த பிறகு சுற்றி வளைத்து அவன் அம்மா ரத்தினம்மாளிடம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது நல்லுசாமி முடிவு செய்துவிட்டான். சூடம் என்பது சூடம்தான். கையை வைத்து அணைத்தால் அணையும். இடது கால் நேராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, அதைச் சொல்வது முழுப் பொய்கூட இல்லை. ஒரு குழந்தையை விட்டுவிட்டு அவள் அம்மா வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் மற்றதெல்லாம் பெரிதா? ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லவேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டான். எந்தத் தடையும் இல்லாமல் வந்தது.

அவன் போனபோது வாசப்படியில் வெற்றிலையின்மேல் சூடத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். உள்ளே கட்டிலில் கிடந்த அண்ணாதுரை, "வாங்க மச்சான்" என்றான். பிறகு, "யம்மா, விட்டுடும்மா. அவரு வந்து சூடம் அணைச்சா எனக்கு எலும்பு கூடிடுமா?" என்றான்.

"நீ சும்மா கெட" என்றாள் ரத்தினம்மாள். அவள் பல நாள் தூங்காத கண்ணோடு இருந்தாள். நல்லுசாமியைப் பார்த்து, "தம்பி, ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்கு மரமும் வேணாம், மட்டையும் வேணாம். எம்புள்ள எந்திரிச்சு நடக்கணும். அதுக்கு எது குறுக்க நின்னாலும் நான் எடுத்துப் போடத்தான் பாப்பேன். நேரா நிக்குதுன்னா அணைச்சுட்டுச் சொல்லுங்க, அதோட விட்டுடறேன்" என்றாள்.

"சரிங்கத்தை."

சூடம் எரிந்தது. பிரவீணா பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நல்லுசாமி குனிந்தான். குனிந்தபோது இடது கால் முகத்துக்கு நேரே வந்தது. ஒரு வருஷ வெயிலில் வேம்பு தேன் நிறம் ஏறியிருந்தது. அவன் இழைத்த இழைப்பு இன்னும் மங்கவில்லை. இழைகள் கீழிருந்து மேலே ஓடுகின்றனவா, மேலிருந்து கீழே ஓடுகின்றனவா என்று கண் அதுவாகவே தேட ஆரம்பித்தது. தேடத் தேட இரண்டு விதமாகவும் தெரிந்தது. பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கில் வரவில்லை. இந்த மரத்தின் ஒவ்வொரு விரற்கடையையும் தொட்டுச் செய்தவன், அதைத் தொட்டுக்கொண்டே அதைப் பற்றித் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

"அத்தை," என்று நிமிர்ந்தான். "வலது கால்..."

சிந்தாமணி அவனுக்கும் வெற்றிலைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, எரிகிற சூடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"அண்ணனுக்கு எதுக்கு இந்தச் சோதனை? நான் சொல்றேன். இழைக்கறதுக்கு முன்னாடி நான் அரியலூர் போயிருந்தேன். காவி இருந்தத எங்கண்ணால பாத்தேன். ரெண்டு காலும் அடிமரம் கீழதான் நிக்குது. பொய் சொன்னா எங்கை வெந்து போவட்டும்."

கையை எடுக்கவில்லை. ரத்தினம்மாள்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை நடுவில் தோல் சுருண்டிருந்தது. ரத்தினம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி. போய் வெண்ணெய் எடுத்துப் போடு" என்றாள். "தம்பி, சாப்ட்டுத்தான் போவணும்."

சாப்பாட்டில் என்ன இருந்தது என்று நல்லுசாமிக்குத் தெரியாது. அண்ணாதுரை கட்டிலில் இருந்தபடியே அவனிடம் லாரிகளைப் பற்றி ஏதோ கேட்டான், இவனும் ஏதோ பதில் சொன்னான்.

பஸ் ஏற்றிவிட சிந்தாமணி கூடவே வந்தாள். வலது கையை முந்தானையால் சுற்றியிருந்தாள். புளியமரத்து நிழலில் நின்றார்கள்.

"நெசமாவே காவியப் பாத்தியா சிந்தா?"

"எங்க பாத்தேன்? நான் வந்தப்ப நீ எல்லாத்தயும் மழிச்சுல்ல வச்சிருந்த."

"எடது காலு எனக்கு..."

"சொல்லாத" என்றாள். "ஒம் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ வாயத் தொறந்தா தெரியலன்னுதான் சொல்லுவ. தெரியலன்னா அவங்களுக்குத் தலைகீழுன்னுதான் அர்த்தம். நான் நாளைக்கும் அந்த வாசல்லதான் கோலம் போடணும். எனக்கு அது நேராவே நிக்கட்டும்."

"பொய்தான் சொல்லணும்னு வந்தேன். வரல."

"தெரியும். எனக்காவக்கூட வரல." அவள் குரலில் கோபம் இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். சொவத்துக்குள்ள போற பக்கத்த யாருண்ணே பாக்கப் போறா? அத எதுக்கு இழைச்ச?"

நல்லுசாமி யோசித்தான். அவனிடம் இருந்தது ஒரு பதில்தான்.

"நல்லா வந்துச்சு."

"நல்லா வந்துச்சு" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். சிரிக்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான். சிரிக்கவில்லை. தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. முந்தானைச் சுற்றைச் சரி செய்துகொண்டாள்.

"இனிமே எனக்கு ஒண்ணும் செஞ்சு குடுக்காதண்ணே. பிரவீணாவுக்கு ஒரு மேசை செஞ்சு தரேன்னு சொன்னியே, அதுவும் வேணாம். கடையில வாங்கிக்கறோம்."

பஸ் வந்து நின்றது. அவன் ஏறினான். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அவள் இடது கையை உயர்த்தி, "அண்ணிய கேட்டதா சொல்லு" என்றாள்.